நாலு கோப்பை எடுத்து வாங்கோ: சின்னப் பிள்ளைக்கு எண்ணப் பழக்க எந்த வழி நல்லது?

போன வருடம் முன்பள்ளிக் கலைவிழாவில் என் மகள் மேடையேறி ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒரே மூச்சில் சொன்னாள். வயது மூன்றரை. இருபத்தொன்பதில் மட்டும் ஒரு கணம் தடுமாறினாள். ரீச்சர் கீழே நின்று வாயை அசைத்துக் காட்டியதும் முப்பதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஓடி முடித்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நானும் தட்டினேன்.

அன்றிரவு வீட்டில் புட்டு. நானும் மனைவியும் மாமியும் மகளுமாக நாலு பேர். "என்ர குஞ்சு, நாலு கோப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் மாமி. அவள் குசினிக்குள் போய்க் கைகொண்ட மட்டும் அள்ளி வந்து பாயில் பரப்பினாள். ஏழு கோப்பை. "எத்தினை இருக்கு, எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்." விரலை வைத்து ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று தொடங்கினாள். விரல் ஒரு வேகத்தில் போனது, வாய் இன்னொரு வேகத்தில் போனது. விரல் ஏழாவது கோப்பையில் நின்றபோது வாய் பதினொன்றில் நின்றது. "அப்ப எத்தினை கோப்பை?" என்று மாமி திரும்பக் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் மறுபடியும் ஒண்டிலிருந்து தொடங்கினாள். மாமி வேறு ஒன்றும் சொல்லவில்லை. புட்டைப் போட்டுக்கொண்டே, "அம்பது வரைக்கும் சொல்லுற பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

நான் சுன்னாகத்தில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறேன். இருப்பு எடுக்கும் நாளில் ஆணிப் பெட்டிகளை எண்ணாமல், போன வருடக் கொப்பியைப் பார்த்துத் தொகையை எழுதிவிட்டுப் பிடிபட்ட பொடியன்களை எனக்குத் தெரியும். மகள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். தொகை வாயில் இருக்கிறது, சாமான் பாயில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு தொடுப்பும் இல்லை.

தை மாதம் புது வகுப்பு தொடங்குவதற்குள் நாங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. அதே முன்பள்ளியில் விடுவதா, ஆங்கிலத்தில் நடக்கும் நேசறிக்கு மாற்றுவதா, மொன்ரிசோரி என்று பலகை போட்ட இடத்துக்கு அனுப்புவதா, பின்னேரத்தில் மணிச்சட்டத்தில் கணக்குப் பழக்கும் அபாகஸ் வகுப்புக்குச் சேர்ப்பதா, அல்லது வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வழக்கம்போல ஒரு கொப்பியை எடுத்துக் கோடு கீறி ஒப்பிடத் தொடங்கினேன். அந்தக் கொப்பியில் இருந்ததுதான் இது.

முதலில், எண்ணத் தெரிவது என்றால் என்ன?

இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளாமல் எந்த வழி நல்லது என்று பேசுவதில் பயனில்லை. ரோஷெல் கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் எண்ணுதலை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். சொற்கள் எப்போதும் அதே வரிசையில் வரும். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத் தொகை. எதையும் எண்ணலாம்: கோப்பையை, காகத்தை, கோயில் மணி அடித்த தடவையை. எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது. பெரியவர்களுக்கு இந்த ஐந்தும் ஒன்றாக ஒட்டிப்போய்விட்டதால் தனித்தனியாகத் தெரிவதில்லை. என் மகளிடம் அன்று இருந்தது இரண்டாவது மட்டும்.

1990இல் கரன் வின் என்பவர் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதிக்க மிக எளிய வழி ஒன்று வருகிறது. பிள்ளையை எண்ணச் சொல்லாமல், இத்தனை எடுத்துத் தா என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் முதலில் ஒன்றை மட்டும் சரியாகத் தருவார்கள்; வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு பிடி அள்ளித் தருவார்கள். சில மாதம் போக, இரண்டு சரியாக வரும். பிறகு மூன்று. மூன்று, நாலு தாண்டியதும் திடீரென்று பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ஆறு கேட்டாலும் எட்டுக் கேட்டாலும் எண்ணித் தருவார்கள். இரண்டரை வயதுக்கும் நாலு வயதுக்கும் இடையில் பெரும்பாலும் இது நடக்கிறது. சில பிள்ளைகளுக்கு நாலு கடந்தும் போகும்.

மறுநாள் ஒரு சிரட்டையில் பதினைந்து புளியங்கொட்டை போட்டுக் கேட்டேன். ஒண்டு தாங்கோ: தந்தாள். ரெண்டு தாங்கோ: தந்தாள். மூண்டு என்றதும் ஒரு பிடி. அஞ்சு என்றாலும் ஒரு பிடி. மேடையில் ஐம்பதுக்காரி, வீட்டில் இரண்டுக்காரி. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். எந்த வழியைத் தெரிவு செய்தாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே கட்டாயமான ஆலோசனை.

ஒப்புவித்தல்

இதை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. வரிசை வாயில் நிற்க வேண்டும். அது பாட்டாலும் கைதட்டலாலும்தான் நிற்கும். படி ஏறும்போது, ஊஞ்சல் ஆட்டும்போது, கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றும்போது ஒண்டு ரெண்டு சொல்வது நல்ல பழக்கம். பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ராகம் போட்டுச் சொன்ன நாடுதானே இது.

பிழை எங்கே வருகிறது என்றால், அதைப் பிள்ளையின் கெட்டித்தனத்துக்கு அளவுகோலாக வைக்கும்போது. பத்து வரை பொருளோடு எண்ணத் தெரியாத பிள்ளைக்கு நூறு வரை வாயில் ஏற்றுவதால், பெற்றோருக்கு மனநிறைவு வருகிறது, பிள்ளைக்கு ஒன்றும் வருவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு சொல்லும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துவிடுவதால், உண்மையில் தெரியாதது தரம் 1 வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: வாய் கையை விடப் பத்துப் படி முன்னால் போகலாம். நாற்பது படி வேண்டாம்.

வீட்டுச் சாமான்

கொப்பியில் நான் கூடுதலாக எழுதியது இந்தப் பக்கத்தில்தான். இதற்குச் செலவில்லை, ஆனால் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு அதுதான் பெரிய செலவு. எங்கள் வீட்டில் மாமி இருந்தார். அது எங்கள் அதிர்ஷ்டம்.

மாமி எந்த ஆய்வும் படித்தவரல்ல. ஆனால் கோப்பை விசயத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் வேலை, காலையில் பூசைக்குப் பூப் பறிக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்தது. "மூண்டு செவ்வரத்தை பறிச்சுக்கொண்டு வாங்கோ." ஒவ்வொரு நாளும் அதே மூன்று. மூன்று படம் இருக்கிறது, படத்துக்கு ஒன்று. கூடக் கொண்டுவந்தால் ஒன்று கையில் மிஞ்சும், குறைந்தால் ஒரு சாமிக்குப் பூ இல்லை. பிழை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பிழையைப் படமே காட்டிவிடும். இரண்டு கிழமைக்குள் மூன்று சரியாக வந்துவிட்டது. பிறகு மாமி நிலைக்கு ஒன்றும் சேர்த்து நாலு ஆக்கினார்.

நுங்குக் காலத்தில் இன்னொன்று கண்டேன். பனங்காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும், சிலதில் இரண்டு. மகள் விரல் வைத்து எண்ணாமல் பார்த்த உடனே, "இதில ரெண்டுதான்!" என்று கத்தினாள். மூன்று, நாலு வரை எண்ணாமலே கண்ணால் பிடிக்கும் திறன் மனிதருக்கு இருக்கிறது. அந்த மூன்றையும், வாயால் ஒண்டு ரெண்டு மூண்டு என்று சொல்லி வரும் மூன்றையும் ஒன்றாக்கி வைப்பதுதான் இந்த வயதின் முக்கிய வேலை. முதலில் மூண்டு கண் என்று சொல்லிவிட்டு, பிறகு தொட்டுத் தொட்டு எண்ணி, முடிவில் மறுபடியும் மூண்டு கண் என்று சொல்ல வேண்டும். எண்ணிவிட்டுச் சும்மா விட்டுவிட்டால் கடைசிச் சொல் மொத்தத்தைக் குறிக்கிறது என்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பத்துக்கு முட்டை மட்டை. கடையில் முப்பது முட்டை அடுக்கி வரும் மட்டைத் தட்டில் ஒரு பக்கம் ஆறு குழி, மறுபக்கம் ஐந்து. அதைக் கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. ஏழு கொட்டை போட்டால் ஒரு வரிசை நிறைந்து மற்றதில் இரண்டு நிற்கும். மூன்று குழி வெறுமையாக இருக்கும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும், பத்துக்கு மூன்று குறைவு என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்ணில் விழுகிறது. இதையே வெளிநாட்டில் பிளாஸ்ரிக்கில் செய்து விற்கிறார்கள்.

விரல்? தாராளமாக. நான் படிக்கும்போது மேசைக்குக் கீழே ஒளித்துத்தான் விரல் மடிப்போம், கண்டால் அடி விழும். இந்த வயதில் விரலைத் தடுப்பது, நடக்கப் பழகும் பிள்ளையிடமிருந்து நடைவண்டியைப் பறிப்பதுபோல. மாமி விரல் கணுக்களில் பெருவிரலை வைத்துச் செபம் எண்ணுவார். மகள் அதையும் பார்த்துச் செய்து பார்க்கிறாள். ஆனால் ஒரு விரலுக்கு மூன்று கணு என்பது அவளுக்கு இன்னும் குழப்பம்தான்.

இரண்டு எச்சரிக்கை. குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க வடிவாக இருந்தாலும் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் புளியங்கொட்டை, மணி, போளை எதையும் தனியே விடக்கூடாது, தொண்டையில் சிக்கும். அவர்களுக்குப் பனங்கொட்டையும் சிரட்டையும் போதும். இரண்டாவது, காசு. சில்லறையை வைத்து எண்ணப் பழக்குவது நல்ல யோசனைபோலத் தெரியும். ஆனால் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று ஐந்து என்று சொன்னால் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று இப்போதுதான் பிடித்த பிள்ளை குழம்பிப்போகும். அதோடு இன்றைய விலைவாசியில் ஒரு ரூபாய்க் குற்றிக்கு ஒரு ரொபிகூட வராது. காசு தரம் 1க்குப் பிறகு.

கோடு கீறி விளையாடுவது

வீட்டுச் சாமானுக்கு அடுத்ததாக நான் மதிப்பெண் போட்டது விளையாட்டுக்கு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கம் எழுதிய நேரான கட்டங்கள், ஒரு சுழலியில் 1, 2 மட்டும். வறிய குடும்பத்து முன்பள்ளிப் பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் நாலு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடமளவில் விளையாடினார்கள். எது பெரிய எண், கோட்டில் எந்த எண் எங்கே வரும் என்பதிலெல்லாம் தெளிவான முன்னேற்றம் கண்டது. இலக்கத்துக்குப் பதில் நிறம் மட்டும் போட்ட பலகையில் விளையாடியவர்களுக்கு அது வரவில்லை. அடுத்த வருட ஆய்வில் வட்டமான பலகையை விட நேரான பலகையே பயன் தந்தது.

நாங்கள் விறாந்தையில் சோக்கட்டியால் பத்துக் கட்டம் கீறினோம். சுழலிக்குப் பதில் மாமியின் தாயப் பெட்டியிலிருந்து ஒரு சோகி: வாய் மேலே விழுந்தால் ஒன்று, கவிழ்ந்து விழுந்தால் இரண்டு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐந்தில் நிற்கும் பிள்ளை இரண்டு நகரும்போது "ஆறு, ஏழு" என்று கட்டத்தில் உள்ளதைச் சொல்லிப் போக வேண்டும். "ஒண்டு, ரெண்டு" என்று சொல்லிப் போனால் பயன் குறைவு. மாமிக்கும் எனக்கும் இதில்தான் சண்டை. அறுபது வருடம் தாயம் ஆடிய ஆளிடம், ஒண்டு ரெண்டு சொல்லாமல் காய் நகர்த்துங்கள் என்று சொல்வது லேசான காரியமில்லை. கடைசியில் அவர் தன் காயைத் தன் விருப்பப்படியும் பேத்தியின் காயை என் விருப்பப்படியும் நகர்த்துவதாக உடன்பட்டார்.

பாம்பும் ஏணியும் பலகை இந்த வயதுக்குச் சரிவராது. பத்துக்குப் பிறகு அடுத்த வரி எதிர்ப்பக்கம் திரும்பும், அதற்கடுத்தது மறுபடி திரும்பும். எண் கூடக்கூட ஒரே திசையில் தூரம் கூடுகிறது என்ற எண்ணமே பிள்ளைக்கு உடைந்துவிடுகிறது. ஐந்தரை, ஆறு வயதில் அதை எடுக்கலாம். கொக்கான் வெட்டுவதும் அப்போதுதான். கை அதற்குள் பழகியிருக்க வேண்டும்.

இந்த வருடம் நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று சுவரில் இருபத்தைந்து கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டினோம். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கட்டத்துக்கு நிறம் தீட்டுவது அவள் வேலை. இருபத்துநாலாம் நாள் தேர், இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம் என்று அந்தக் கட்டங்களில் மட்டும் படம் கீறிவிட்டேன். தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் நாளுக்கு மூன்று தடவை எண்ணினாள். நான் ஒருநாளும் எண்ணச் சொல்லவில்லை.

கொப்பி, போன், அபாகஸ்

இந்த மூன்றையும் சுருக்கமாகவே முடிக்கலாம்.

ஒரு பக்கம் முழுக்க 1, அடுத்த பக்கம் முழுக்க 2 என்று எழுதிவரச் சொல்வது பென்சில் பிடிக்கப் பழக்கும். எண்ணப் பழக்காது. 5 என்ற உருவத்தை ஐம்பது தடவை எழுதிய பிள்ளைக்கு ஐந்து மாங்காய் எடுத்துத் தரத் தெரியாமலிருக்கலாம். ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதுவதுபோல மணலிலும் மாவிலும் விரலால் எழுதட்டும், கொப்பிக்கு அவசரமில்லை. மூன்றைத் திருப்பி எழுதினால் பதறவும் வேண்டாம். இந்த வயதில் அது சாதாரணம்.

போனில் எண் பாட்டு ஓடும்போது பிள்ளை சத்தம் போடாது என்பது உண்மை. ஆனால் திரையில் ஆப்பிள் தானாகவே விழுந்து தானாகவே எண்ணுப்படுகிறது. பிள்ளையின் விரலுக்கு அங்கே வேலையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்குத் திரை மொத்தமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, குறைவென்றால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கள் வீட்டில் கார்ட்டூன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

அபாகஸ் நல்ல கலைதான், ஏழெட்டு வயதில். வகுப்புகளில் கொடுக்கும் ஜப்பானிய வகைச் சட்டத்தில் மேலே ஒரு மணி, கீழே நாலு. மேலுள்ள ஒரு மணியின் பெறுமதி ஐந்து. ஐந்து ரூபாய்க் குற்றியின் சிக்கல் அப்படியே இங்கேயும். "நாலு வயசிலயே சேர்த்தால்தான் மூளை விரியும்" என்று எங்களுக்கு ஒரு வகுப்பில் சொன்னார்கள். மாதக் கட்டணம் எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லை விடக் கூட. மூளை கொஞ்சம் பிந்தியே விரியட்டும் என்று வந்துவிட்டோம்.

மொன்ரிசோரி

மரியா மொன்ரிசோரி 1939இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களைப் பழக்கியவர். 1944இல் இலங்கைக்கும் வந்து போனார். நம்மூரில் முன்பள்ளி என்பதற்கே மொன்ரிசோரி என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஊறிவிட்டது. எண்ணுவதற்கு அவர் செய்த சாமான்கள் உண்மையிலேயே யோசித்துச் செய்தவை. சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் பத்துக் கோல்கள். சின்னது 10 சென்ரிமீற்றர், பெரியது ஒரு மீற்றர். ஏழு என்பது தனித்தனி ஏழு பொருளாக இல்லாமல் ஒரே நீளமாகக் கைக்கு வருகிறது. அப்புறம் 0 முதல் 9 வரை எழுதிய பத்து அறைப் பெட்டி ஒன்று, அதற்கு 45 கதிர்கள். சரியாகப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. மாமியின் பூவும் சாமிப்படமும்போல, பிழையைப் பெட்டியே சொல்லும்.

ஆகவே பலகை போட்ட ஓரிடத்துக்கு ஆசையோடு போனேன். கோல்கள் இருந்தன, புத்தம் புதுசாக, கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டியபடி. பிள்ளைகள் மேசையில் குனிந்து 2 எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏன் வெளியே எடுப்பதில்லை என்று கேட்டேன். "எடுத்தால் உடைச்சுப் போடுவினம்" என்றார் ரீச்சர். முறையாகப் பழகிய ஆசிரியரும் தொடவிடும் அலுமாரியும் உள்ள இடம் கிடைத்தால், மற்ற எல்லா இடத்தையும் விட அதற்குத்தான் நான் அனுப்புவேன். கிடைக்காவிட்டால் பெட்டியை வீட்டில் செய்யலாம்: பத்து யோகட் கப், நாற்பத்தைந்து ஈர்க்குத் துண்டு. ஒரு விளக்குமாறு போதும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா

எங்கள் வீட்டில் கூடுதலாக வாதம் நடந்தது இதில்தான். மனைவிக்கு ஆங்கில நேசறி மேல் ஒரு கண். நாளைக்கு உலகம் ஆங்கிலத்தில்தானே எண்ணுகிறது என்பது அவளுடைய நியாயம். எனக்கும் அதை மறுக்க முடியவில்லை. ஆனால் எண்ணின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

பத்து வரை எந்த மொழியானாலும் மனப்பாடம்தான். வித்தியாசம் பத்துக்குப் பிறகு. தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதினைந்து என்றால் பத்தும் ஐந்தும். பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே, ஒன்று எங்கே? அதற்குப் பிறகு ஃபோட்டீனில் நாலு முதலில் ஒலிக்கிறது, பத்து பின்னால் வருகிறது. எழுதும்போதோ 1 முன்னால், 4 பின்னால். கேட்டபடி எழுதும் பிள்ளை 41 என்றுதான் எழுதும். ஃபோட்டீனுக்கும் ஃபோட்டிக்கும் நம் வாயில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். தமிழில் பதினாலு, நாற்பது, மயக்கத்துக்கு இடமில்லை. சீன, அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் பத்து வரை பெரிய வேறுபாடு இல்லை. பத்துக்கும் இருபதுக்கும் இடையில்தான் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பின்தங்கினார்கள். சீனத்தில் பதினொன்று என்பது பத்து ஒன்று.

அதற்காகத் தமிழில் ஓட்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டில் பத்து முகத்தை மறைத்துக்கொள்கிறது. ஒன்பது பெரிய வில்லன்: அறுபது, எழுபது, எண்பது என்று வருபவனுக்கு அடுத்தது ஒன்பது என்றுதானே வர வேண்டும்? ஆனால் அந்தப் பெயரை ஒற்றை இலக்கம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. தொண்ணூறோ நூறு என்ற வாலோடு வந்து நிற்கிறது. என் மகள் மேடையில் இருபத்தொன்பதில் தடுமாறினாளே, வீட்டில் அதற்கு அடுத்ததை "இருபத்திப்பத்து" என்று சொல்வாள். அது பிழையல்ல, விதியைக் கண்டுபிடித்ததற்கு அடையாளம். திருத்தத்தான் வேண்டும், ஆனால் ஒரு சிரிப்போடு.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் சுவையானது. பரிசில் இருக்கும் அக்காவின் மகன் தொண்ணூற்றேழைச் சொல்ல நாலு இருபது பத்து ஏழு என்று ஒரு கூட்டல் பெருக்கலே செய்ய வேண்டும். ஜேர்மனில் இருபத்தொன்றை ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்கிறார்கள். நோர்வேயிலும் அப்படித்தான் இருந்தது. 1951இல் அரசாங்கமே பத்தை முன்னால் வைக்கும் முறைக்கு மாற்றியது. பேச்சில் பழைய முறையை விடாத கிழவர்கள் அங்கே இன்னும் உண்டாம்.

எங்களுக்கு முடிவைச் சுலபமாக்கியது வேறொரு விசயம். அரச பாடசாலையில் தரம் 5 வரை கணிதம் தமிழில்தான். தரம் 6இல்தான் ஆங்கிலத்தில் படிக்கும் தெரிவு வருகிறது. முன்பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணி, தரம் 1இல் தமிழுக்குத் திரும்பி, மறுபடி ஆங்கிலத்துக்குப் போவதில் என்ன இலாபம்? கருத்து ஒரு மொழியில் ஊன்றிவிட்டால், ஐந்து என்ற தொகைக்கு இன்னொரு பெயர் ஃபைவ் என்று படிக்க அதிக நாள் எடுக்காது. மனைவி இதற்கு உடன்பட்டாள், ஆனால் ஆங்கிலப் பாட்டு மட்டும் தொடரும் என்ற நிபந்தனையோடு. சரி என்றேன்.

ஒரு சின்ன விசயம். முன்பள்ளியில் "ஒண்டு, மூண்டு எண்டு சொல்லக்கூடாது, ஒன்று, மூன்று" என்று திருத்துகிறார்கள். நாலு வயதில் அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. எண்ணும்போது பிள்ளையின் கவனம் பொருளில் இருக்க வேண்டும், றன்னகரத்தில் அல்ல.

நாங்கள் செய்தது

அதே முன்பள்ளியில்தான் விட்டோம். காரணம் ஐம்பது வரை சொல்லிக் கொடுத்தது அல்ல. அங்கே மணல் கிடங்கும் மர நிழலும் உண்டு, ரீச்சர் சொன்னால் கேட்பார். புளியங்கொட்டைச் சோதனையை அவரிடம் சொன்னபோது முதலில் கொஞ்சம் முகம் சுருங்கியது. அடுத்த கிழமை வகுப்பில் பத்துப் பிள்ளைகளிடம் செய்து பார்த்ததாகச் சொன்னார். எத்தனை பேருக்கு ஐந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது பிஸ்கற் பகிரும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார்.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். வீட்டில் மாமியோ அம்மம்மாவோ இல்லாமல் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், பொருட்களைத் தொடவிடும் முன்பள்ளியைத் தேடுவதற்குத்தான் முதலிடம். போய் நின்று அலுமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் மிச்சமாகும் பதினைந்து நிமிடத்துக்குச் சோக்கட்டிக் கோடு போதும். பிள்ளைக்கு ஐந்து வயதாகி, தரம் 1 வாசலில் நிற்கிறது, இன்னும் பிடி பிடியாக அள்ளித் தருகிறது என்றால், ஒப்புவித்தலையும் கொப்பியையும் அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு மாதம் எடுத்துத் தருவதை மட்டும் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று ஒருக்கால் காட்டிவிடுவது நல்லது. இரண்டரை வயதுப் பிள்ளை என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம், நுங்கு வாங்கிக் கொடுங்கள்.

யோகட் கப் பெட்டியைப் போன மாதம்தான் முழுதாகச் செய்து முடித்தோம். மகளுக்கு இப்போது நாலரை. ஒன்பதிலிருந்து இறங்கி வந்து போட்டாள். ஈர்க்கு எல்லாம் முடிந்தது, ஒன்றும் மிஞ்சவில்லை. 0 எழுதிய கப் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தாள், கவிழ்த்துத் தட்டினாள்.

"அப்பா, இதுக்கு எத்தினை?"

"நீங்களே சொல்லுங்கோ."

"ஒண்டும் இல்லை."

அதுக்குப் பூச்சியம் எண்டு பெயர் என்றேன். அவள் கப்பைக் கொண்டுபோய் மாமியிடம் காட்டி, "அம்மம்மா, இதுக்குள்ள பூச்சியம் இருக்கு, கவனம், கொட்டிப் போடாதேங்கோ" என்றாள்.